காரப்பொடிக்கு ஒரு பேரம்

எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரிகளிடம் எனக்கு நல்ல பேர் கிடையாது. வாய் ஓயாதவள், ஒரு கூறு மீனுக்குப் பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேரம் பேசுகிறவள் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அத்தனையும் உண்மைதான். விலையைக் கேட்டதும் நான் பாதியைச் சொல்வேன். அவள் கூடையைத் தூக்குவாள். நான் கதவைச் சாத்துவேன். அவள் நாலு எட்டு போய் நிற்பாள். நான் கதவைத் திறப்பேன். திருவொற்றியூரில் நானும் மீன்காரிகளும் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்ட விதம் அதுதான்.

ஆனாலும் ஒருத்தி மட்டும் தெருவுக்குள் நுழைந்ததும் வேறெந்த வாசலிலும் நிற்காமல் நேராக என் வீட்டுக்குத்தான் வருவாள். போணிக்காக. நாளின் முதல் வியாபாரம் எந்தக் கையில் ஆகிறதோ அந்தக் கையைப் பொறுத்துத்தான் அன்றைக்குக் கூடை காலியாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. என் கை ராசியான கை என்று அவள் எப்படியோ முடிவு கட்டியிருந்தாள். "ஒன் வாய்தான்க்கா பேஜாரு. கை தங்கம்" என்பாள். நான் கொடுக்கும் முதல் காசை மீன் வைத்திருக்கும் அலுமினிய அன்னக்கூடையின் விளிம்பில் தொட்டு, கண்ணில் ஒற்றி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு சுருக்குப்பையில் போடுவாள். அப்புறம் வாசல்படிக்குக் கீழே குந்தி, அரிவாமனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மீனை வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள்.

எப்போதும் அவசரம் அவளுக்கு. விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, எங்கள் தெருக்களைச் சுற்றிவிட்டு, நெடுஞ்சாலையைத் தாண்டி கடலோரத்தில் இருந்த குப்பத்துக்கு ஓடவேண்டும். புருஷன் கடலுக்குப் போயிருப்பான். மூணாவது படிக்கிற ஒரே பெண் குழந்தை வீட்டில் தனியாக இருக்கும். "புள்ள தனியா கீது, சீக்கிரம் வுடுக்கா." இரண்டு மூன்று வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் சொல்லாத நாள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சொல்லமாட்டாள். அன்றைக்குக் குழந்தையும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். "மீனேய்" என்று அம்மாவைவிட நீட்டி முழங்கும். நான் ஒரு முறுக்கு கொடுத்தால் மீன் கையோடு வாங்கிக் கடித்துக்கொண்டே கூவும். அதற்காகவே அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் விடியும்.

சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்றைக்குக் குழந்தை வரவில்லை.

"நேத்து போட்ட புது கவுன கயட்ட மாட்டேன்னு தூங்கிகினு கீது. மீன் வாடை பட்டுருமாம் மகாராணிக்கு" என்று சிரித்தாள். சங்கரா மீனுக்குப் பேரம் முடிந்து போணி ஆயிற்று. அவள் வெட்டி முடித்து எழுந்திருக்கும்போது என் கண் கூடையின் ஓரத்துக்குப் போயிற்று. காரப்பொடி. விரல் நீளத்துக்கு வெள்ளியாக மின்னுகிற பொடி மீன். குழம்பு வைத்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஒவ்வொன்றாகச் செதிலைத் தேய்த்து, தலையைக் கிள்ளி, குடலை எடுக்கவேண்டும். ஒரு கூறு கழுவுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

"வேணாங்க்கா, நேரமாவும். புள்ள தனியா கீது."

"இன்னாமே, தூங்குற புள்ளைக்கு நீ இன்னா பண்ணப்போற? போட்டுட்டுப் போ" என்றேன்.

அதற்கும் பேரம் பேசினேன். சாதாரணமாக அல்ல, ஜெயித்தே தீருவது என்று பேசினேன். ஜெயித்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி குந்தினாள்.

பாதிக் காரப்பொடி கழுவியிருப்பாள். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஜனம் ஓடிவந்தது. எங்கள் பக்கத்தில் ஜனம் ஓடினால் ஒரே ஒரு அர்த்தம்தான், ஏதோ கம்பெனியில் கேஸ் லீக். எண்ணூரிலும் மணலியிலும் வாழ்கிறவர்களுக்கு அது சொல்லித்தர வேண்டாம். எதிர்வீட்டம்மா படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினார். நான் துண்டை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். அவளுக்கும் ஒன்று நனைத்துக் கொடுத்தேன். "உள்ள வாமே, கதவச் சாத்தணும்" என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். இரண்டு பேரும் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, வராத வாடையை மோந்து பார்த்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றோம். கடல் வந்துகொண்டிருந்தபோது நாங்கள் காற்றுக்குப் பயந்து நின்றோம்.

மார்பு வரை நனைந்த ஒரு ஆள் "கடல் உள்ள பூந்துட்சு" என்று கத்திக்கொண்டு போனான். அவள் துணியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். கை முழுக்க செதில். தெருவில் எல்லாரும் மேற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்தி கிழக்கே ஓடினாள்.

புருஷன் பிழைத்தான். நடுக்கடலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தையை மறுநாள்தான் எடுத்தார்கள்.

என் வாசலில் அவளுடைய அன்னக்கூடை கிடந்தது. பாதி கழுவிய காரப்பொடியைக் காக்கையும் பூனையும் பார்த்துக்கொண்டன. மத்தியானம் அவள் சொந்தக்காரன் ஒருவன் வந்து கூடையை எடுத்துக்கொண்டு போனான். அரிவாமனையை, யார் காலிலாவது பட்டுவிடப் போகிறது என்று நான் ஏற்கனவே உள்ளே எடுத்து வைத்திருந்தேன். அவனிடம் கொடுக்க மறந்துபோயிற்று. அது என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதன் பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன், வாசலிலிருந்து தெருமுனைக்கு, தெருமுனையிலிருந்து திரும்ப அடுப்புக்கு. சோறு குழைந்திருக்கும். அந்த அரிவாமனையை ஸ்டவ்வுக்குக் கீழே வைத்தேன். கண்ணில் பட்டது. கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தூக்கம் வரவில்லை. பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். துரு பிடித்துவிடுமே என்று எடுத்து எண்ணெய் தடவி மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், "அதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடேன்" என்றார். "எந்த முகத்தோட?" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

இரண்டு மூன்று தடவை "மறுபடி தண்ணி வருது" என்று பொய்ச் சத்தம் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் பாஸ்புக்கையும் நகைப் பையையும் எடுத்துக்கொண்டு விம்கோ நகர் ரயில் நிலையம் வரை ஓடினோம். அங்கே பிளாட்பாரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பி வந்தோம். அப்படி ஓடிய ஒரு நாளில்தான் கவனித்தேன், அவள் குப்பம் இருந்த திசையை நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

குப்பத்து ஜனங்களை முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பிறகு எர்ணாவூர் பக்கம் தார் அட்டையில் வரிசையாகக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் மகளிர் குழுவிலிருந்து அரிசி, சோப்பு, புடவை எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். எதிர்வீட்டம்மாதான் குழுவின் தலைவி. தங்கமான மனசு, எதையும் தள்ளிப்போடத் தெரியாது. ஒரு கொட்டகை வாசலில் என் மீன்காரி உட்கார்ந்திருந்தாள். புடவையை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அங்கே ஏற்கனவே ஏழெட்டுப் புடவைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பக்கத்துக் கொட்டகைக்காரி எங்களிடம், "இந்த அக்கா வூட்டாண்ட மீனு கய்வினு இருந்ததாலதான் இது பொயச்சிது. தெய்வம் மாரி நிறுத்தி வெச்சிது" என்று சொன்னாள். எதிர்வீட்டம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் பாக்கெட் எண்ண வேண்டும் என்று ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டேன்.

நிறுத்தி வைத்தேனா, தடுத்து வைத்தேனா? இதுதான் அரித்தது. காரப்பொடி ஆசைப்படாமல் இருந்திருந்தால் அவள் நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள். போய்க் குழந்தையோடு சேர்ந்து போயிருப்பாளா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பாளா? பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பதில் வரும். துணி காயப்போடும்போது இன்னொரு பதில் வரும்.

படகுகள் மெல்ல மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தன. மீனும் வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. மீன் வயிற்றில் மோதிரம் இருந்ததாம், விரல் இருந்ததாம் என்று ஊரெல்லாம் பேச்சு. யாரும் பார்த்ததில்லை, யாரோ பார்த்ததாக எல்லாரும் கேட்டிருந்தார்கள். கோழிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை வரிசை தெருமுனை வரை நின்றது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் மீன் வாடை இல்லை. நான் என்ன ஒசத்தி? என் வீட்டிலும்தான் இல்லை. எனக்கு அந்த வதந்தி மேல் நம்பிக்கை கிடையாது. ஆனால் மீன் என்று நினைத்தாலே செதில் ஒட்டிய அந்தக் கைதான் கண்முன் வந்தது.

ஒருநாள் காலையில் எதிர்வீட்டம்மா வந்து, "உன் மீன்காரம்மா நாளைக்குக் கூடை எடுத்துகிட்டு வராளாம், கேள்விப்பட்டியா?" என்றார். பாவம், யார் வாங்கப் போகிறார்கள், வெயிலில் சும்மா சுற்றிவிட்டுப் போவாளே என்று அவருக்கு ஒரே தவிப்பு. அன்றைக்கே வீடு வீடாகப் போய் ஆளுக்குக் கொஞ்சம் வசூல் பண்ணினார். ஒரு வீடும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். "உன் கைதான் அவளுக்கு ராசி. உன் கையாலயே கொடுத்துடு."

எங்கேயோ இடறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. எது என்று நின்று யோசிக்கவில்லை. கொடுப்பதற்குக் கையில் ஒன்று கிடைத்துவிட்டால் மனசு எவ்வளவு சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறது!

மறுநாள் தெருமுனையில் அவள் குரல் கேட்டது. ஒற்றைக் குரல். பாதியிலேயே உடைந்தது. தெருவே காது கொடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றது. அவள் வேறெங்கும் நிற்காமல் நேராக என் வாசலுக்கு வந்து அன்னக்கூடையை இறக்கினாள். மேல் துணியை விலக்கினாள். நல்ல சங்கரா. கண் தெளிவாக இருந்தது.

நான் கவரை நீட்டினேன்.

அவள் பழக்கதோஷத்தில் அதை வாங்கி, கூடை விளிம்பில் தொட்டு, கண்ணுக்குக் கொண்டுபோனாள். அப்படியே நிறுத்தினாள்.

"எத்தினி கூறுக்கா?"

"மீன் வேணாம்மே. நீ வெச்சிக்கோ. தெருவுல எல்லாரும் சேர்ந்து குட்த்தது."

அவள் என்னைப் பார்த்தாள். சுனாமிக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கவரை என் வாசல்படியில் வைத்தாள். மேல் துணியை மூடினாள். எப்போதும் கூடையைத் தலைக்கு ஏற்ற நான் ஒரு கை கொடுப்பேன். அன்றைக்கு அவளே முட்டி போட்டுத் தூக்கிக்கொண்டு, அடுத்த வீட்டுப் பக்கம்கூடத் திரும்பாமல், வந்த வழியே போய்விட்டாள். ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை.

"என்ன திமிர் பாரேன், நல்லதுக்குக் காலம் இல்ல" என்றார் எதிர்வீட்டம்மா. அவர்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "போணி நேரத்துல பிச்சை போட்டா எவ வாங்குவா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்திய பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. போணி என்றால் சரக்கு போகவேண்டும், காசு வரவேண்டும். சரக்கை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் காசை மட்டும் போட்டால், அன்றைக்கு முழுக்க அந்தக் கூடைக்குக் கிடைப்பது பிச்சைதான். அதனால்தான் அவள் அடுத்த வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தொழிலைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த தெரு நாங்கள். எங்களில் ஒருத்திக்கும் இது உறைக்கவில்லை.

சாயங்காலம் அரிவாமனையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எர்ணாவூர் வரைக்கும் அது என் மடியில் கனத்தது. கொட்டகைக்குள் நெருப்பாகக் கொதித்தது. தார் உருகி வாடை அடித்தது. அவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். விற்காத சங்கராவை உப்புப் போட்டுக் கருவாட்டுக்கு வைத்திருந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

"தப்பு எங்க மேலதான்மே" என்றேன்.

"தப்பு இன்னாக்கா. நல்ல மனசுலதான் குட்த்தீங்கோ." ஒரு விசிறி மட்டையை எடுத்து எனக்கு வீசினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இங்க தெனமும் ஆள் வராங்கோ. எதுனா குட்த்துட்டு போறாங்கோ. அரிசி, பொடவ, ரொட்டி. எங்கையிலருந்து மட்டும் ஒருத்தரும் எதியும் வாங்க மாட்றாங்கோ. எங்கை இன்னா கலீஜாவா பூட்சு?"

என் வாய் சும்மா இருக்குமா? எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் ஒன்ன நிறுத்தினேனே..."

வீசுவதை நிறுத்தினாள்.

"நீ நிறுத்தலன்னா நானும் போயிருப்பேன்னு எல்லாரும் சொல்றாங்கோ. நேரத்தோட போயிருந்தா புள்ளய தூக்கிகினு ஓடியிருப்பேன்னு எனுக்குத் தோணுது. எது மெய்யின்னு ஆருக்குக்கா தெரியும்? அந்தப் பேச்சு வேணாம்."

மறுபடி வீசினாள். வீசிக்கொண்டே சொன்னாள், "நாளைக்கு ஒரு தபா வரேன். போணி ஆவலன்னா அன்னக்கூடைய பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டு கம்பெனில கூட்ற வேலைக்கு போறேன். எங்க வூட்டுக்காரு இன்னும் கடல பாத்தா நடுங்குறாரு. நானும் வூட்ல குந்திகினா ரெண்டு பேரும் பைத்தியமா பூடுவோம்."

அரிவாமனையை அவள் பக்கம் நகர்த்தினேன். அதை வாங்கவில்லை. "ஒன் வாசல்லதான வெட்டப்போறேன். அங்கியே இருக்கட்டும்" என்றாள்.

அன்று இரவு வீட்டுக்காரரிடம், "நாளைக்கு மீன் குழம்பு. சாப்பிடணும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னார். எதிர்வீட்டம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒரு திட்டமாக்கி வசூலுக்குக் கிளம்பிவிடுவார்.

காலையில் அவள் குரல் கேட்பதற்கு முன்பே வாசலில் தண்ணீர் தெளித்து, அரிவாமனையைப் படிக்குக் கீழே வைத்திருந்தேன். அவள் வந்தாள். கூடையை இறக்க நான் ஒரு கை கொடுத்தேன். துணியை விலக்கினாள். சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினாள். ரத்தச் சிவப்பு.

"இன்னா வெல?"

சொன்னாள். கொஞ்சம் ஜாஸ்திதான். நான் பேசாமல் பர்ஸைத் திறந்தேன். இனி இவளை ஒரு நிமிஷம்கூட என் வாசலில் காக்க வைக்கக்கூடாது என்று நான் எனக்குள் எப்போதோ சத்தியம் பண்ணியிருந்தேன்.

அவள் மீனைக் கூடைக்குள் போட்டுத் துணியை இழுத்து மூடினாள்.

"இன்னாக்கா, சொன்ன வெலைக்கு வாங்குற?"

"நல்ல மீனு, அதான்."

"நேத்து கவர்ல குட்த்த. இன்னிக்கு மீன வாங்கிகினு குடுக்குற. ரெண்டும் ஒண்ணுதான்." அவள் குரல் நடுங்கியது. "இந்த வெல எந்தப் பைத்தியக்காரி குடுப்பா? ஒனுக்குத் தெரியாதா? பேரம் பேசுக்கா."

"முடியலமே."

"பேசு."

எதிர்வீட்டு ஜன்னல் லேசாகத் திறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதி விலையைச் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"இன்னாது? காதுல வுழல."

உரக்கச் சொன்னேன்.

"பாதிக்கா? எங்க ஆயா காலத்துலயே இந்த வெல இல்ல! நீ போய் கோயி வாங்கித் துண்ணு." கூடையைத் தூக்கப் போனாள்.

"போயேன்! ஒன் மீனுக்கு இந்தத் தெருவுல வேற எவ கதவத் தொறக்குறான்னு பாக்குறேன்" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுடைய உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அப்பா, இப்பதான் ஒன் வாய் தொறந்துது" என்றாள்.

அதற்கப்புறம் எனக்குத் தடை இல்லை. ஏறினேன், இறங்கினேன், கதவைச் சாத்தினேன், திறந்தேன். அவள் நாலு எட்டு போய்த் திரும்பி வந்தாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் மட்டும் சண்டை போட்டது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கடைசியில் எப்போதும் முடிகிற இடத்தில் விலை முடிந்தது. என் கையிலிருந்து காசை வாங்கி, கூடை விளிம்பில் தொட்டு, கண்ணில் ஒற்றி, சிலுவை போட்டுக்கொண்டாள். சிலுவை போட்ட கை மார்பிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

எதிர்வீட்டம்மா பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். "எனக்கும் ஒரு கூறு போடு" என்றவர், என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஆனா அவ சொன்ன வெலதான்" என்றார். அவருக்குப் பேரம் பேசவே வராது, அன்றைக்குக் கஷ்டப்பட்டுப் பேசினார்.

அவள் படிக்குக் கீழே அதே இடத்தில் குந்தி, அரிவாமனையை மிதித்துக்கொண்டு சங்கராவை வெட்டினாள். நான் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கூடையின் ஓரத்தைப் பார்த்தேன். காரப்பொடி. ஒரே ஒரு கூறு, தனியாக வாழையிலையில் சுற்றி வைத்திருந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"ஒனுக்குன்னுதான் எட்தாந்தேன்" என்றாள்.

"வேணாம்மே. அத்த கய்வ நேரமாவும். நீ நாலு வூடு போவணும், வெயில் ஏறுது. கெளம்பு நீ."

அவள் இலையைப் பிரித்தாள். ஒரு பொடி மீனை எடுத்துச் செதிலைத் தேய்த்தாள். தலையைக் கிள்ளினாள். அடுத்ததை எடுத்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"இனிமே எனுக்கு இன்னாக்கா அவசரம்?"

என் கையில் சொம்பு நின்றுவிட்டது. எதிர்வீட்டம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் ஒவ்வொன்றாக, முன்பு ஒருநாளும் அப்படிக் கழுவியதில்லை, அவ்வளவு நிதானமாக, அந்தக் கூறு முழுவதையும் கழுவி முடித்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.

அன்றைக்குக் குழம்பு வைத்தேன். முதல் வாய் இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது. என் வீட்டுக்காரர் முள்ளைக்கூட எடுக்காமல் தின்றார். அடுத்த வாரத்தில் தெருவில் பாதி வீட்டில் மீன் வாடை வந்துவிட்டது. அவளுக்கு அன்னக்கூடை நிலைத்தது. எர்ணாவூரில் நிரந்தர வீடு கொடுத்த பிறகும் அங்கிருந்து பஸ் ஏறி எங்கள் தெருவுக்கே வந்தாள். போணி என் வாசலில்தான். பேரமும் அப்படியே. நான் ஒரு ரூபாய்கூட விட்டுக் கொடுத்ததில்லை.

ஆனால் அதற்கப்புறம் அவள் என் வாசலில் அவசரப்பட்டதே இல்லை. எத்தனை கூறு கேட்டாலும் குந்திக் கழுவிக் கொடுப்பாள். சில நாள் நான் வேண்டுமென்றே பேரத்தை இழுப்பேன், வெட்டுவது சரியில்லை என்பேன், இன்னும் ஒரு தடவை கழுவு என்பேன். என்றைக்காவது ஒருநாள் எரிச்சல் வந்து, வாய் தவறியாவது, "சீக்கிரம் வுடுக்கா" என்று சொல்லிவிடமாட்டாளா என்று இருக்கும். அவள் சொன்னதே இல்லை. கழுவிய மீனைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "இன்னும் எதுனா கீதாக்கா?" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.